காஜாக்காரி பிள்ளை ஊக்கு

ஜூன் 4

அம்மாவுக்கு,

போனை எடுக்கிறாய். "சாப்ட்டியா, பாப்பா தூங்கிட்டாளா" என்று கேட்கிறாய். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "அடுப்புல வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக உன் அடுப்பில் அப்படி என்னதான் வேகிறதோ தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பாட்டியின் நினைவுக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது நீ எழுந்து போனது மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆலையின் சாப்பாட்டுக் கூடம், நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். நீ பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முழங்காலாகத் தாண்டி, கை கழுவும் இடத்துப் பக்கக் கதவு வழியாகப் போனாய். பிறகு கேட்டதற்கு முட்டி வலி என்றாய். முட்டி வலிக்காரர்கள் அப்படித் தாண்ட மாட்டார்கள், அம்மா.

இப்போது ஆலையில் பாட்டிக்காகச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். அங்கே வேலை பார்த்தவர்களில் அத்தனை வருடம் இருந்தது பாட்டி ஒருத்திதானாம். தொழிலாளர் நல அதிகாரி கூப்பிட்டு, நான் பேசியதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிவிட்டேன். நீ பார்க்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான்:

'பதினாறு வயதில் ராணுவச் சீருடை தைக்கும் ஆலைக்குள் போன என் பாட்டி, அறுபதில் வெளியே வரும்வரை செய்தது ஒரே வேலை. காஜா எடுப்பது. பட்டன் நுழைவதற்காகத் துணியில் வெட்டிய வாயை, பிரியாதபடி சுற்றிலும் நெருக்கமாக நூலால் கட்டுவது. துணியில் ஓட்டை போட யாராலும் முடியும், அந்த ஓட்டை கிழியாமல் இருப்பதுதான் வேலை என்பார். முடித்த ஒவ்வொரு காஜாவிலும் கட்டைவிரலை விட்டு இழுத்துப் பார்ப்பார். எல்லையில் குளிரில் நிற்பவனுக்குக் கழுத்துப் பட்டன் கழன்றால் காற்று நேரே நெஞ்சுக்குப் போகும் என்பது அவர் கவலை. ரேடியோவில் தேசிய கீதம் வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அசையாமல் நிற்பார். தொண்ணூறு வயதில், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லி ஓட்டுப் போட்டார். நாடு நாடு என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. கத்துறவன் கத்தட்டும், கோட்டுக்குக் காஜா யாரு எடுப்பா என்று கேட்பார்.

'போர் நடந்த வருடங்களில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். ஆயிரமாயிரம் வீரர்களின் கோட்டுக்குக் காஜா எடுத்த அந்தக் கைகளுக்கு, தன் மகளின் சட்டையில் ஒரு பட்டன் தைக்க நேரமில்லை. மகள் ஊக்கு மாட்டிய சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, காஜாக்காரி பிள்ளை ஊக்கு" என்று மற்ற பிள்ளைகள் பாடினார்கள். நாட்டுக்காக ஒரு தாய் கொடுத்த விலை அது.'

இந்த இடத்தில்தான் கை தட்டினார்கள். இந்த இடத்தில்தான் நீ எழுந்தாய்.

இன்னொன்று. என் லீவு அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆனதும் வந்து கூட இருக்கிறேன் என்று நீ பாட்டியின் கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னாய். ஆறு மாதம் ஆகிவிட்டது. பாட்டிலை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிட்டு என்னையே பார்க்கிறாள், ஏமாற்ற வந்தவளைப் பார்ப்பது போல. ரப்பரில் வாடை இருக்குமோ என்று கொதிக்க வைத்தேன். கொதித்தது போதாதோ என்று மறுபடி கொதிக்க வைத்தேன். ரப்பர் பிசுபிசுத்துப் போய்விட்டது. அவள் தூங்கினால் மூக்கின்கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். விரல் பட்டு எழுந்துவிடுகிறாள். பிறகு அழுகிறாள், நானும்.

எப்போது வருகிறாய்?

உன் மகள்

*

ஜூன் 13

மகளுக்கு,

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், நான் நன்றாக இருக்கிறேன். போனில் என்றால் நீ பேசுவாய், நான் கேட்பேன். எழுதினால்தான் என் முறை வரும். அதனால் நானும் எழுதுகிறேன்.

மலரில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். உன் வாய், நீ பேசினாய். என் கால், நான் போனேன்.

பார்க்கச் சொன்னதால் பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ரேடியோவைத் திருகும் முன் எங்கம்மா பாலை இறக்கி வைத்துவிடுவாள். அவளுக்கு நாட்டின்மேல் இருந்த மரியாதை பாலின்மேலும் உண்டு. நாற்காலியில் தூக்கிப் போனது உண்மை. ஆனால் வழியெல்லாம் தூக்கியவர்களின் சட்டைக் காஜாவைத் தடவிப் பார்த்து, மெஷின் வேலை, சுத்தமில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். அதையும் போடு. அவள்தான் என்று தெரியும்.

ஊக்குப் பத்தியில் ஒரு சொல் தப்பு. ஒரே ஒரு சொல். எது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரியில் அத்தனை வருடம் படித்தாயே, நீயே கண்டுபிடி.

வருவதைப் பற்றி. இப்போது வருவதற்கில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் இன்று, நாளை என்கிறான். எங்கம்மாவின் கட்டில் கூடத்தில் அப்படியே கிடக்கிறது. அதைப் பிரித்து மாடிக்கு ஏற்ற வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து வெந்நீர் வைத்த பிறகுதான் யாருக்கு என்று யோசிக்கிறேன். வைத்த வெந்நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஆயிரம் வேலை.

பாட்டிலை அவ்வளவு கொதிக்க வைக்காதே. அது பாட்டில், பாவம் செய்த ஆத்மா இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா

*

ஜூன் 21

அம்மாவுக்கு,

பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்குச் சளி. இப்போது பரவாயில்லை. 'பரவாயில்லை' என்று எழுதிய பிறகு எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன்.

எனக்குக் கோபமாக வருகிறது. அந்தப் பாட்டு நீ சொல்லிக்கொடுத்ததுதானே? விருந்தாளிகள் வந்தால் நீயே ராகம் போட்டுச் சொல்வாய், எல்லோரும் சிரிப்பார்கள், பாட்டியும் சிரிப்பாள். மாமா இன்றைக்கும் உன்னை 'ஊக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். முப்பது வருடமாக என் காதில் சிரிப்பாக விழுந்த ஒன்றை நான் மேடையில் மரியாதையாகச் சொன்னேன். அதற்கு இந்தத் தண்டனையா?

நீ சொன்ன அந்த ஒரு சொல்லைத் தேடினேன். 'விலை' என்றதா? அதை எடுத்துவிட்டு 'தியாகம்' என்று போட்டுப் பார்த்தேன். இன்னும் மோசமாக இருந்தது, கட்சிக்காரர்களின் சுவரொட்டி போல. 'பாடினார்கள்' என்றதா? அழவைத்தார்கள் என்று போடவா? 'தாய்' என்ற சொல்லா? அதுதான் தப்பு என்று நீ நினைக்கிறாயா? எனக்குத் தெரியவில்லை. அவரிடம் படித்துக் காட்டினேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வேலையை விடவா என்று கேட்டாலும் "உன் இஷ்டம்" என்கிறார். எனக்கென்று ஒரு இஷ்டம் இருந்தால் நான் எதற்கு அவரைக் கேட்கிறேன்?

ஆமாம். வேலையை விடுவதைப் பற்றித்தான் யோசிக்கிறேன். ராஜினாமாவை எழுதி டிராயரில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். மோசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரை சுத்தமாக இருந்தது. சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பை, பைமேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம். பூனை, மீன், பந்து. காலியாக இருந்த கொக்கியைக் காட்டி, உங்க பாப்பாவுக்கு என்ன படம் வேணும் என்று கேட்டார் அந்தப் பெண். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியுமே, குடிநீர் நிலையத்தில் என் வேலை என்ன என்று. ஊர்த் தொட்டிகளிலிருந்து வரும் தண்ணீரைச் சோதித்து, இதை விடலாம், இதை விடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவது. சேர்ந்த அன்று பாட்டியிடம் சொன்னபோது, அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "ஊரே குடிக்கிற தண்ணி. இதுவும் நாட்டு வேலைதான்" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. நாட்டு வேலை பார்த்தவளின் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியுமே. நாளைக்கு என் பிள்ளையை என்ன பாடுவார்கள்? காஜாக்காரி பிள்ளை ஊக்கு. தண்ணிக்காரி பிள்ளை விக்கு. விக்கினால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லாத பிள்ளை.

சிரிக்காதே. நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

நீ வந்தால் நான் வேலைக்குப் போவேன். வராவிட்டால் டிராயரில் இருப்பதைக் கொடுத்துவிடுவேன். குழாய் ஒழுகுவதுதான் காரணம் என்றால் பிளம்பர் கூலியை நான் கொடுக்கிறேன்.

உன் மகள்

*

ஜூலை 2

மகளுக்கு,

குழாய் சரியாகிவிட்டது. உன் கூலி வேண்டாம்.

தப்பான சொல் 'நேரமில்லை.'

நீ அதைக் கண்டுபிடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு நான் சொன்னதே இல்லை. பாட்டை மட்டும் சொன்னேன். பாட்டு சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இப்போது சொல்கிறேன். இது உனக்கு. மலருக்கு இல்லை.

போர் நடந்தபோது எனக்கு எட்டு வயது. ஆலையில் எங்கம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் பட்டன் வைக்கிற ஒரு பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மகன், என் வகுப்பு. அவன் கோட்டில் கறுப்புப் பட்டன் வைத்திருந்தது, ராணுவக் கோட்டில் இருப்பது மாதிரியே. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். சாயந்தரம் ஆலைக் கேட்டில் எல்லோருடைய பையையும் சோதிப்பது வழக்கம். அன்றைக்கு அவளை மட்டும் தனியாக நிறுத்தி, வீட்டிலிருந்து அந்தக் கோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கடையில் வாங்கினேன் என்று அவள் சொன்னாள். வாங்கியும் இருக்கலாம். பட்டன்ல பேரா எழுதியிருக்கு? ஆனால் வாங்கவில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வேலை போய்விட்டது. கேட்டுக்கு வெளியே நின்று அவள் அழுததை எல்லோரும் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எங்கம்மாவும்தான்.

எங்கம்மா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து, வீட்டில் இருந்த ஒவ்வொரு துணியிலிருந்தும் பட்டனை வெட்டினாள். என் பள்ளிக்கூடச் சட்டை, தம்பியின் சட்டை, அப்பாவின் ஆபீஸ் சட்டை, தலையணை உறை. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏண்டி, ஊர்ல இருக்கிற பட்டனுக்கெல்லாம் நீதான் காவலா?" என்று கேட்டார். "என் வீட்ல பட்டனே இல்லைன்னு இருக்கணும். அப்புறம் எவ வந்து கேக்குறான்னு பாக்குறேன்" என்றாள். வெட்டிய பட்டன்களையெல்லாம் ஒரு தாளில் பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் போட்டாள். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை.

ராணுவத்துப் பட்டன் வெள்ளை இல்லையே, என் சட்டைப் பட்டன் வெள்ளைதானே என்று நான் அழுதேன். காதிலேயே விழவில்லை. அது பயமா, நேர்மையா, பக்கத்து இருக்கைக்காரிக்காக ஒரு வார்த்தை பேசாமல் வந்ததற்குத் தனக்குத் தானே போட்டுக்கொண்ட அபராதமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெரியவளான பிறகு கேட்டேன். "நாட்டுச் சாமான் விஷயம்" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய நாட்டுப் பற்று நீ மேடையில் சொன்ன மாதிரி நேராக நிற்கிற கம்பம் இல்லை. அதற்குள் இப்படி ஒரு முடிச்சும் உண்டு.

மறுநாளிலிருந்து எங்களுக்கு ஊக்கு. அப்பா ஒரு வாரம் ஊக்கோடு ஆபீஸ் போனார். பிறகு தலைவழியாக மாட்டுகிற சட்டைக்கு மாறிவிட்டார். தம்பி சின்னவன், சட்டையே இல்லாமல் திரிந்தான். மிச்சம் நான்.

இப்போது கவனமாகப் படி. இரண்டு ஷிஃப்ட் என்றால் எங்கம்மா விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். நாங்கள் தூங்கிய பிறகுதான் திரும்புவாள். எனக்குப் பள்ளிக்கூடம் வெயில் வந்த பிறகு. என்னை அப்படியே தூங்கவிட்டு, ஊக்கைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊக்கு மாட்டத் தெரியாதா? ஆனால் எழுப்புவாள். விளக்குப் பக்கம் நிறுத்தி, சட்டையைப் போட்டுவிட்டு, ஊக்கு மாட்டுவாள். கழுத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் துணிக்கும் என் தோலுக்கும் நடுவே தன் இரண்டு விரலை விட்டுக்கொண்டுதான் குத்துவாள். குத்தினால் அவள் விரலில் குத்தட்டும் என்று. குத்தியும் இருக்கிறது. அந்த விரல் பனிக்கட்டி மாதிரி இருக்கும். "மூச்சை இழு. விடு" என்பாள். சட்டை இறுக்கமில்லையே என்று பார்க்கத்தான். பிறகு கட்டைவிரலால் ஊக்கை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள், ஆலையில் காஜாவை இழுத்துப் பார்க்கிற மாதிரியே. அப்புறம் போய்விடுவாள்.

நான் அந்தச் சட்டையோடேயே மறுபடி படுத்துத் தூங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சட்டை சுருட்டிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். கசங்கல் ஒருபக்கம், ஊக்கு ஒருபக்கம். பாடாமல் என்ன செய்வார்கள்?

பட்டன் என்றால் ஒருநாள் உட்கார்ந்து தைத்தால் முடிந்தது. ஊக்கு தினமும் மாட்ட வேண்டும். நேரமில்லாதவள் செய்கிற வேலையா அது?

போர் முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு அட்டையில் குத்திய புது வெள்ளைப் பட்டன்களை வாங்கிக்கொண்டு வந்தாள். பாட்டு அவள் காதுக்கும் எட்டியிருந்தது போல. "பட்டன் வெச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "ஊரே பாடுதேடி" என்றாள். பாடட்டும் என்றேன். தன்னை மாதிரியே பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டாள். அது பிடிவாதம் இல்லை. பட்டன் வைத்துவிட்டால் காலையில் அவள் எதற்கு என்னை எழுப்பப்போகிறாள்?

அதனால் அந்தப் பெயரை நானாகத்தான் வைத்துக்கொண்டேன். அது இரக்கப்படுவதற்கு இல்லை. அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் அவளுக்குக் கை தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். எழுந்து நின்று எதைச் சொல்ல? அதனால் போனேன்.

இதை வைத்து அவள் நல்ல தாய் என்று நான் சான்றிதழ் கொடுப்பதாக நினைக்காதே. எனக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காதான் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நீ பிறந்தபோது, ஆர்டர் முடியட்டும் என்று நாலாம் நாள்தான் வந்தாள். வந்ததும் உன் முகத்தைப் பார்க்கும் முன் ஆஸ்பத்திரிச் சட்டையின் காஜாவைப் பார்த்தாள். அந்தக் கோபமெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது என் கோபம். மைக்கில் பேசுவதற்கு இல்லை.

நீ பிறந்ததும் நான் டெலிபோன் ஆபீஸ் வேலையை விட்டேன். உனக்காக விட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உனக்காக இல்லை. ஊக்குப் பாட்டுக்குப் பயந்து விட்டேன். உன் சட்டையில் ஒரு பட்டன்கூடத் தளர்ந்து நீ போனதில்லை. நீ தூங்கும்போதே எல்லாவற்றையும் தைத்து முடித்துவிடுவேன். என் கை உன் கழுத்தில் பட்ட ஒரு காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. பட்டனில் அது கிடையாது.

கடைசி வருடத்தில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னை மேஸ்திரி அம்மா என்று கூப்பிடுவாள். போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நூலில்லாமல் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். காலையில் அவளுக்குச் சால்வை போர்த்தி, தோளில் ஊக்கு மாட்டுவேன், இரண்டு விரல் உள்ளே விட்டு. வேறு மாதிரி மாட்ட எனக்குத் தெரியாது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டன் வெச்சுத் தரட்டுமா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

வேண்டாம்மா என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. கட்டிலைப் பிரிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அதை முதலில் பார்க்கிறேன்.

அம்மா

*

ஜூலை 10

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பாப்பாவின் துணிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். முடிச்சுப் போடுகிற நாடா, ஒட்டுகிற பட்டி, அமுக்குகிற பொத்தான். ஒன்றிலும் காஜா இல்லை. பாட்டி இருந்தால் இதெல்லாம் துணியா என்று கேட்டிருப்பாள்.

மலருக்கு எழுதியதில் அந்த வரியை மாற்றிவிட்டேன். 'போர் நடந்த வருடங்களில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். தினமும் விடியும் முன் மகளை எழுப்பி, அவள் சட்டையில் தன் கையால் ஊக்கு மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.' அவ்வளவுதான். ஏன் ஊக்கு என்று எழுதவில்லை. பாட்டையும் எடுத்துவிட்டேன். இதைப் படித்து யாரும் கை தட்ட மாட்டார்கள். பக்கத்து இருக்கைப் பெண்ணைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு யாராவது எழுத வேண்டாமா? நீ சொல்.

நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். பாப்பா முழுதும் குடித்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது காலிப் பாட்டிலை உயர்த்திக் காட்டினார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று கேட்டார். தெரிந்தால்தானே சொல்வேன்.

காப்பகத்துக்கு மறுபடி போனேன். பாப்பாவின் பைக்குக் குடைப் படம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டிராயரில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். போன கடிதத்தில் நீ வந்தால் போவேன், வராவிட்டால் விடுவேன் என்று உன்னிடம் பேரம் பேசினேன். அந்தப் பேரத்தை விட்டுவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றாம் தேதி வேலைக்குப் போகிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. பயத்தோடு போகிறேன்.

இருந்தாலும் வா, அம்மா.

உன் மகள்

*

ஜூலை 18

மகளுக்கு,

இப்போது சரியாக இருக்கிறது. அப்படியே கொடு. பக்கத்து இருக்கைக்காரி வேண்டாம். அவள் மகன் தெருமுனையில் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பான். அச்சில் படித்தால் மறுபடி அந்தக் கேட்டில் கொண்டுபோய் அவனை நிறுத்தின மாதிரி ஆகிவிடும். அவளைப் பற்றி எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். நாளைக்குப் பாப்பாவிடம் சொல். அது போதும்.

கட்டிலைப் பிரித்தாயிற்று. கூடம் பெரிதாகிவிட்டது. அதில் நடக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கிளம்புகிறேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். பை கனமாக இருக்கும், முட்டி வலியும் உண்மைதான். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. காப்பகத்துக் கொக்கியை விட்டுவிடாதே. பாதி நாள் அங்கே, பாதி நாள் என்னிடம். பிள்ளைக்கு நாலு முகம் தெரியட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், அவள் தூங்கும்வரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் அவளுக்குச் சட்டை போட்டுவிடுகிற வேலை மட்டும் என்னிடம் வேண்டாம். அதை நீ செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நேரமாகிவிட்டது, தூங்குகிறாள், பாவம் என்று காரணம் சொல்லாதே. எழுப்பு. அழுதால் அழட்டும். போட்டுவிட்டுப் போ. அதற்குப் பிறகு அவள் மறுபடி தூங்கிக்கொள்வாள்.

சட்டை கசங்கினால் கசங்கட்டும்.

அம்மா